பச்சையை அழிக்கப் போனால் கொப்புளம் பொங்குது டொக்டர்! – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒருவர் உடம்பில் குத்திய பச்சையை அழிக்கும் லேசர் பற்றிக் கேட்டிருந்தார். "செய்யலாம், அவசரப்படாமல் செய்யுங்கள்" என்று இரண்டு வரியில் பதில் போட்டிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களிலும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளிலும் பெரும்பாலும் இதே கதைதான், அதிலும் கொப்புளம், கொப்புளம், கொப்புளம். பரந்தனில் இருந்து மல்லாவி வரைக்கும் இத்தனை பேர் சட்டைக் கைக்குள்ளே பச்சையை மறைத்து வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது போங்கள். ஆகவே இந்த மாதம் சீனி வருத்தக்காரரும் மூட்டுவலிக்காரரும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த இதழில் உங்களிடம் வருகிறேன்.

எனக்கு 26 வயது. முன்னங்கையில் ஒரு பெயர் குத்தியிருந்தேன், கறுப்பு மை, தடித்த எழுத்து. (யாருடைய பெயர் என்று கேட்காதீர்கள்.) கொழும்பில் லேசர் அடித்துவிட்டு அன்றிரவே பஸ்ஸில் வந்துவிட்டேன். விடியப் பார்த்தால் எழுத்து எழுத்தாகக் கொப்புளம், ஒன்று ஐந்து ரூபாய்க் குற்றி அளவு. அடித்தவர் சுட்டுப்போட்டாரா? அம்மா பற்பசை பூசச் சொல்கிறா. ஊசியால் குத்திவிடலாமா? – கிளிநொச்சி வாசகர்

தம்பி, முதலில் ஊசியைக் கீழே வையுங்கள். பற்பசை பல்லுக்கு.

லேசர் பட்ட இடத்தில் கொப்புளம் வருவது அநேகமாக எதிர்பார்க்கிற விஷயம்தான், கறுப்பு மை நிறைய இறங்கிய தடித்த எழுத்து என்றால் இன்னும் கூட. அடித்துச் சில மணித்தியாலத்திலும் எழும்பலாம், இரண்டு மூன்று நாள் கழித்தும் எழும்பலாம். மை இருப்பது மேல்தோலில் இல்லை, அதற்குக் கீழே உள்தோலில். ஒளி மேல்தோலைக் கடந்துபோய் அந்த மைத்துகளில் விழுந்ததும், ஒரு செக்கனை நூறு கோடியாகப் பிரித்தால் வருகிற துண்டுகளில் ஒரு சில துண்டு நேரத்துக்குள் துகள் சூடேறி நொறுங்குகிறது. (நொறுங்கிய தூளைப் பிறகு உடம்பே கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு போகும், அதற்குத்தான் மாதக்கணக்கு.) அந்தச் சூடும் அதிர்வும் சுற்றியுள்ள தோலையும் உலுப்பிவிட, மேல்தோலும் உள்தோலும் ஒட்டியிருக்கிற இடம் விட்டுப்போய் நடுவில் நீர் கோர்க்கிறது. மை எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு நீர். உங்களுக்கு எழுத்தின் வடிவத்திலேயே கொப்புளம் வந்து, பக்கத்து வெறுந்தோல் சும்மா இருக்கிறது என்றால் ஒளி மையைத்தான் பிடித்திருக்கிறது, அது பரவாயில்லை. மை இல்லாத இடத்திலும் லேசர் வட்டம் வட்டமாகத் தோல் பொங்கியிருந்தால்தான் நான் சக்தியைக் கூட்டி அடித்துவிட்டார்கள் என்று சந்தேகப்படுவேன். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை போகும்போது அடித்தவர் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இனி என்ன செய்வது என்றால், பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். கொப்புளத்தின் மேல்தோலைவிட நல்ல பண்டேஜ் எந்தப் பாமசியிலும் விற்பதில்லை, அது இருக்கும்வரை உள்ளே கிருமி போகாது, தானாக உடையும்வரை விட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தரம் மணமில்லாத சவர்க்காரமும் சுத்தமான தண்ணீரும் போட்டு மெதுவாகக் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, வாஸ்லின் மெல்லிதாகப் பூசி, ஒட்டாத கோஸ் வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். "ஒட்டாத கோஸ்" என்று பாமசியில் அழுத்திக் கேளுங்கள், சாதாரண கோஸ் காய்ந்து ஒட்டிக்கொண்டு கழற்றும்போது மேல்தோலையும் உரித்துக்கொண்டு வரும். அப்படி ஒட்டிவிட்டால் இழுக்காமல் கொதித்தாறிய தண்ணீர் விட்டு ஊறவைத்துக் கழற்றலாம். கிணற்றுத் தண்ணீர்தான் வீட்டில் என்றால் கழுவுவதற்கும் கொதிக்க வைத்து ஆறவிட்டே பாவியுங்கள். வலிக்குப் பனடோல் போதும். கொப்புளம் உடைந்துவிட்டாலும் தொங்குகிற தோலைக் கத்தரித்துச் "சுத்தம்" பண்ண வேண்டாம், அப்படியே படியவிட்டுக் கட்டுங்கள். இரண்டு கிழமைக்குள் அநேகமாக மூடிவிடும்.

அந்த ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக் கொப்புளம் மட்டும் இறுகி விண்விண்ணென்று வலித்தால், அல்லது மணிக்கட்டு மடிகிற இடத்தில் இருந்து எப்படியும் உடையப்போகிறது என்று தெரிந்தால், அதை இறக்கலாம். ஆனால் நீங்கள் இல்லை, பக்கத்து ஆஸ்பத்திரியில். கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை விட்டு, மேல்தோலைப் படியவைத்துக் கட்டிவிடுவார்கள், ஐந்து நிமிச வேலை. வீட்டு ஊசியை லைட்டரில் காட்டிவிட்டுக் குத்துகிறவர்களைத்தான் நான் நாலாம் நாள் சீழோடு பார்க்கிறேன்.

கிருமி பிடித்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது? இங்கிலீஷ் புத்தகங்களில் "சிவந்தால் கவனி" என்று இருக்கும், நம்முடைய மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு லேசில் தெரியாது. ஆகவே கையை வைத்துப் பாருங்கள். மற்றக் கையைவிடச் சுடுகிறதா, வீக்கம் எழுத்தைத் தாண்டிப் பரவுகிறதா, மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி குறையாமல் கூடுகிறதா, நீர் கலங்கி மணக்கிறதா, காய்ச்சல் காய்கிறதா. இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அந்தப் பஸ் பயணத்தையும் சொல்ல வேண்டும். ஏழெட்டு மணித்தியாலம் கையைத் தொங்கப்போட்டு, யன்னல் கம்பியிலும் பக்கத்து ஆளின் பையிலும் உரசிக்கொண்டு வந்தால் சும்மா இருக்கிற தோலே வீங்கும். முடிந்தால் அன்றிரவு அங்கேயே யாராவது சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள். இல்லையென்றால் கையை உயர்த்தி மடியில் ஒரு தலகணி வைத்தாவது வாருங்கள்.

எனக்கும் முதல் தரம் பொங்கியது, இப்போது ஆறிவிட்டது. அடுத்த முறை வராமல் இருக்க, அல்லது குறைய, லேசர் அடிக்கிறவரிடம் என்ன சொல்ல வேண்டும்? கேள்வி கேட்டால் அவர் முகத்தைச் சுளிக்கிறார். – முல்லைத்தீவு வாசகி

கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிறவரிடம் காசையும் கொடுத்துத் தோலையும் கொடுக்காதீர்கள் தங்கச்சி. இது முதல் மருந்து. அவர் வைத்தியர் என்றால் இலங்கை மருத்துவ சபையில் பதிவு இருக்கும், பதிவு இலக்கத்தைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

முழுவதுமாக வராமல் தடுக்க யாராலும் முடியாது, குறைக்க நிறைய வழி இருக்கிறது. எல்லாவற்றிலும் பெரியது ஒளியின் அலைநீளம், அதை நானோமீற்றர் இலக்கத்தில் சொல்வார்கள். தோலுக்கு நிறம் கொடுக்கிற மெலனின் நம்மிடம் கூட. லேசருக்கு அது மெலனினா மையா என்று பார்க்கத் தெரியாது, இரண்டிலும் போய் விழும். 1064 நானோமீற்றர் ஒளியை மெலனின் குறைவாகவே உறிஞ்சும், அதனால் நம்மைப் போன்ற தோலுக்குக் கறுப்பு மை என்றால் என்.டி. யாக் லேசரின் 1064தான் முதல் தெரிவு. சிவப்பு மைக்கு அதே மெசினில் 532க்கு மாற்றுவார்கள். அந்த 532ஐ மெலனின் ஆவலோடு குடிக்கும், கொப்புளமும் வரும், பிறகு வெள்ளைத் தழும்பும் வரலாம். "எந்த அலைநீளத்தில் அடிக்கப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். பதில் தெரியாமல் முழித்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

அடுத்தது சக்தி. பச்சை அழிக்கிற வியாபாரத்தில் எல்லாருக்கும் அவசரம், வருகிறவருக்கும் அவசரம், அடிக்கிறவருக்கும் அவசரம். ஒரே தரத்தில் மங்கிக் காட்டினால்தான் ஆள் திரும்பி வருவார் என்று சக்தியைக் கூட்டி வைக்கிறார்கள், அதுதான் பாதிக் கொப்புளத்துக்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம். அடிக்கும்போது மை உள்ள இடம் உடனே வெள்ளையாகப் பூத்து, அரை மணித்தியாலத்துக்குள் மறைய வேண்டும். உள்ளே எழுகிற வாயுக் குமிழிதான் அந்த வெள்ளை. மெல்லிதாக அது வந்தாலே போதும், அதற்கு மேல் கூட்டுவது சும்மா தோலை வதைப்பது. படக்படக்கென்று மேல்தோல் தெறித்தாலோ இரத்தம் பொட்டுப்பொட்டாக வந்தாலோ சக்தியைக் குறைக்க வேண்டும். உங்களுக்கு ஒருமுறை பொங்கிவிட்டதால் அடுத்த முறை குறைத்துத்தான் தொடங்க வேண்டும். அதைவிட முக்கியம், ஒளி விழுகிற வட்டத்தைப் பெரிதாக்கச் சொல்லிக் கேளுங்கள். வட்டம் பெரிதென்றால் ஒளி சிதறாமல் ஆழத்துக்கு இறங்கும், அதனால் மேல்தோலில் குறைந்த சக்தியை வைத்தே வேலை முடியும். சின்ன வட்டத்தில் கூடின சக்தி என்பதுதான் கொப்புளத்துக்கு வெற்றிலை பாக்கு வைப்பது.

புது இடம், புது மெசின் என்றால் பச்சையின் ஒரு மூலையில் சின்னதாக அடித்துப் பார்த்து, நாலைந்து கிழமை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முல்லைத்தீவில் இருந்து அதற்கென்று ஒரு பயணம் போவது எரிச்சல்தான், எனக்கு விளங்குது. ஆனால் முழுக் கையும் பொங்கிவிட்டு அலைவதைவிட அது மலிவு.

இரண்டு தரத்துக்கு நடுவில் புத்தகத்தில் ஆறு தொடக்கம் எட்டுக் கிழமை என்று இருக்கும். நம்முடைய தோலுக்கு நான் எட்டுக்குக் குறைத்து ஒருபோதும் சொல்லமாட்டேன், கொப்புளம் வந்தவர் என்றால் பத்துப் பன்னிரண்டு கிழமை. நடுவில் சும்மா இருக்கிற நேரத்தில்தான் உடம்பு உண்மையான வேலையைச் செய்கிறது. ஒரே நாளில் இருபது இருபது நிமிச இடைவெளியில் நாலு தரம் அடிக்கிற முறை ஒன்றும் உண்டு. வேகமாக மங்கும் என்று அதை விளம்பரத்தில் போடுகிறார்கள். ஏற்கெனவே பொங்கிய தோலுக்கு அதைக் கேட்டுப் போகாதீர்கள்.

பகுதிபகுதியாகத் தோலில் நுண்துளை போடுகிற கார்பன்டையொக்சைட் லேசரையும் கூடச் சேர்த்து அடித்தால் கொப்புளம் குறைகிறது என்று மருத்துவச் சஞ்சிகைகளில் வந்திருக்கிறது. வாயுவும் நீரும் வெளியேற அந்தத் துளை வழி விடுகிறது. கைதேர்ந்த தோல் வைத்தியரிடம் இதைப் பற்றிக் கதைக்கலாம், ஆனால் நம்முடைய தோலில் அதற்கும் நிறம் மாறுகிற பயம் உண்டு, எல்லா இடத்திலும் கேட்டு வாங்குகிற சாமான் இல்லை.

குளிர்ச்சி என்பது மலிவான விஷயம், அதையே பலர் விட்டுவிடுகிறார்கள். அடிக்கும்போது குளிர்காற்று, அடித்ததும் துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிசம், பிறகு விட்டு விட்டு. ஐஸ்கட்டியை நேரே தோலில் வைத்து அழுத்த வேண்டாம், அதுவும் சுடும். அடித்த கையோடு சில வைத்தியர்கள் ஸ்டீரோய்ட் களிம்பு இரண்டு மூன்று நாளுக்குக் கொடுப்பார்கள், அது அவர்கள் எழுதித் தந்தால் மட்டும். மரத்துப்போகிற களிம்பை வீட்டிலேயே கை முழுக்கப் பூசி பொலித்தீன் சுற்றிக்கொண்டு பஸ் ஏறுகிறவர்களுக்கு: அந்த மருந்து தோல் வழியாக இரத்தத்தில் ஏறினால் வலிப்பு வரைக்கும் போகும். பூசுவது அங்கே போய், அவர்கள் கையால்.

கடைசியாக வெயில். வெயிலில் கறுத்த தோலுக்கு லேசர் அடிக்கக் கூடாது. சோளகம் வீசுகிற காலத்தில் வன்னியில் மோட்டார் சைக்கிள் ஓடுகிறவருக்கு முன்னங்கை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. போவதற்கு ஒரு மாதம் முன்னரே நீளக் கைச் சட்டையைப் போட்டு மூடுங்கள். முடிந்தால் மார்கழி தையை ஒட்டி, மழையும் மப்புமாக இருக்கிற மாதங்களில் தொடங்குங்கள்.

வவுனியாவில் ஒரு அழகு நிலையத்தில் முடி அகற்றுகிற லைட் மெசின் வைத்திருக்கிறார்கள். அதாலேயே பச்சையும் எடுக்கலாம், அரைவாசிக் காசு என்கிறார்கள். – பெயர் வேண்டாம்

வேண்டாம். அந்த லைட் ஒளிர்வது மில்லிசெக்கன் கணக்கில். மைத்துகளை நொறுக்க வேண்டிய வேகத்தைவிட ஆயிரம் மடங்கு அல்ல, அதைவிடவும் எத்தனையோ மடங்கு மெதுவானது. மை நொறுங்காது, சூடாகும், சூட்டைச் சுற்றியுள்ள தோலுக்குக் கொடுக்கும். கொப்புளம் இல்லை, தீக்காயம் வரும், அந்தப் பச்சை இருந்த இடத்தில் அதே வடிவத்தில் தழும்பு இருக்கும். இதேபோல் பேஸ்புக்கில் விற்கிற "பச்சை அழிக்கும் கிறீம்" எதுவும் மை இருக்கிற ஆழத்துக்குப் போகாது, போகிற அளவு உறைப்பானது என்றால் அது அமிலம். சேங்கொட்டைப் பால் பூசலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார், அவருக்கும் இதே பதில்தான், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

"பிகோ" மெசின் என்றால் கொப்புளமே வராதாமே என்றும் கேட்டிருக்கிறீர்கள். பிகோ லேசர் இன்னும் பல மடங்கு குறுகிய நேரத்தில் அடிக்கும், சூடு பரவ நேரம் குறைவு, அடிக்க வேண்டிய தடவையும் குறையலாம். நல்ல மெசின்தான். ஆனால் 2012 கடைசியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் பிகோ லேசர் 755 நானோமீற்றரில் வேலை செய்வது. அந்த அலைநீளத்தை மெலனின் 1064ஐவிடக் கூட உறிஞ்சும். பிகோ என்ற பெயரை விட்டுவிட்டு இலக்கத்தைக் கேளுங்கள்.

இது நான் குத்தினது இல்லை. 2009இல் செல் (எறிகணை) விழுந்தபோது வலது கன்னத்திலும் நெற்றியிலும் கறுப்புப் புள்ளி புள்ளியாக ஏறிவிட்டது. மகளின் கலியாணம் வருகிறது, போட்டோவில் தெரியும் என்று பிள்ளைகள் லேசர் அடிக்கச் சொல்கிறார்கள். பச்சைக்குச் சொல்வதுதானா எனக்கும்? – புதுக்குடியிருப்பு, 54 வயது

இல்லை அக்கா, உங்களுக்கு வேறு. இந்தக் கேள்வியை அனுப்பியதற்கு நன்றி, ஏனென்றால் நம்முடைய பக்கத்தில் இது உங்கள் ஒருவருக்கு மட்டும் உள்ளதில்லை.

வெடிப்பில் மண்ணும் கரியும் உலோகத்தூளும் தோலுக்குள் அடித்து ஏற்றப்பட்டு, மேலே காயம் ஆறியபின் உள்ளே நின்றுவிடும். இதையும் வைத்தியத்தில் ஒருவகைப் பச்சை என்றே சொல்கிறார்கள். காயம் பட்ட முதல் ஓரிரு நாளுக்குள் நன்றாகத் தேய்த்துக் கழுவி எடுத்திருந்தால் பெரும்பகுதி போயிருக்கும். அந்த நாட்களில் கழுவ எங்கே தண்ணீர், எங்கே ஆஸ்பத்திரி, அது உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

வெறும் மண், தார், கரி என்றால் பச்சை அழிக்கிற அதே லேசருக்கு நன்றாகவே மங்கும், சாதாரண பச்சையைவிடக் குறைந்த தடவையிலும் மங்கலாம். ஆபத்து எதில் என்றால், அந்தப் புள்ளிகளில் எரியாத வெடிமருந்துத் துணுக்கு இருந்தால். லேசர் பட்டதும் அது தோலுக்குள்ளேயே பற்றிச் சின்னதாக வெடித்துக் குழி விழுத்தும். இது கற்பனை இல்லை, வாணவேடிக்கை வெடித்துக் காயம்பட்டவர்களுக்கு லேசர் அடித்தபோது நடந்து மருத்துவச் சஞ்சிகைகளில் எழுதப்பட்டிருக்கிறது. கன்னத்தில் அப்படி ஒரு குழி வந்தால் புள்ளியே பரவாயில்லை என்றாகிவிடும்.

ஆகவே நேரே லேசர் நிலையத்துக்குப் போகாதீர்கள். முதலில் தோல் வைத்திய கிளினிக், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம். இது செல் வெடித்து ஏறியது என்பதை முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். "பழைய காயம்" என்று சுருக்கிச் சொல்லாதீர்கள், வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. எக்ஸ்ரே ஒன்று எடுத்து உள்ளே பெரிய உலோகத் துண்டு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்படி இருந்தால் அது பிறகு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டி வரும்போதும் சொல்ல வேண்டிய விஷயம். அதன்பிறகு காதோரம் போல மறைவான இடத்தில் ஒரே ஒரு புள்ளியில் குறைந்த சக்தியில் அடித்துப் பார்க்கலாம். தீப்பொறி போலத் தெறித்தாலோ குழி விழுந்தாலோ அத்தோடு நிறுத்திவிட வேண்டும், அப்புறம் பெரிய புள்ளிகளை மட்டும் சின்ன வட்டக் கத்தியால் ஒவ்வொன்றாக எடுப்பதுதான் வழி. கண்ணுக்குக் கிட்டே உள்ளவற்றுக்கு இமைக்குள் உலோகக் கவசம் வைக்காமல் ஒரு ஷொட்டும் அடிக்க விடாதீர்கள்.

கலியாணம் எப்போது என்று எழுதவில்லை. ஆறு மாதத்துக்குள் என்றால் தொடங்கவே வேண்டாம், பாதியில் நிற்கிற முகம்தான் போட்டோவில் விழும். பிள்ளைகள் கேட்கிறார்கள் சரி, நீங்கள் கேட்கிறீர்களா என்பதையும் ஒருக்கால் யோசியுங்கள்.

கணுக்காலுக்கு மேலே உள்ள பச்சைக்கு லேசர் அடித்தேன். கொப்புளம் வந்து ஒன்று உடைந்திருக்கிறது. காலபோக வேலை தொடங்கிவிட்டது, காலில் பொலித்தீன் கட்டிக்கொண்டு வயலில் இறங்கலாமா? – முருங்கன்

இறங்கக் கூடாது தம்பி. பொலித்தீன் சேற்றில் பத்து நிமிசம் தாங்காது, உள்ளே வியர்த்து இன்னும் மோசமாக்கும். வயல் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், அது பெரும்பாலும் உள்ளே போவது இப்படித் தோல் உரிந்த இடத்தாலேதான். கொப்புளம் உடைந்த கால் என்பது அதற்குத் திறந்து வைத்த கதவு. குளத்தில் குளிப்பதும் கடலில் இறங்குவதும் அதேபோல்தான், தோல் முழுவதும் மூடும்வரை இல்லை. ஏற்கெனவே இறங்கிவிட்டீர்கள் என்றால், அடுத்த இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் உளைவு, கண் சிவப்பு என்று ஏதும் வந்தால் வயலில் இறங்கியதைச் சொல்லி ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

வயல் காலத்தில் எலிக்காய்ச்சல் வராமல் இருக்க பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மூலம் கொடுக்கிற டொக்சிசைக்கிளின் குளிசை போடுகிறவர் என்றால் அதையும் லேசர் அடிக்கிறவரிடம் சொல்லுங்கள். அந்தக் குளிசை தோலை வெயிலுக்குச் சுணை கூடியதாக்கும், புதிதாக ஆறிய இடம் சட்டென்று கறுத்துவிடும். அதற்காகக் குளிசையை நிறுத்த வேண்டாம், எலிக்காய்ச்சல் உயிரை எடுக்கும், பச்சை எடுக்காது. லேசரைத்தான் அறுவடை முடியும்வரை தள்ளிப்போட வேண்டும்.

முழங்காலுக்குக் கீழே இரத்த ஓட்டம் மந்தம், கொப்புளம் கூட வரும், ஆற நாளெடுக்கும், மையும் மெதுவாகத்தான் மங்கும். இருக்கும்போது காலை உயர்த்தி வையுங்கள். சிகரெட்டும் மை மங்குவதைத் தாமதமாக்கும், அதையும் சொல்லிவைக்கிறேன்.

கொப்புளம் ஆறிவிட்டது, ஆனால் அந்த இடம் சுற்றிவரக் கறுத்துக் கிடக்கிறது, நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு. வெள்ளையாக்கும் கிறீம் பூசலாமா? – ஒட்டுசுட்டான்

கறுப்புக்குப் பயப்பட வேண்டாம், நம்முடைய தோல் எந்தக் காயத்துக்கும் அப்படித்தான் கோபப்படும். வெயில் படாமல் மூடி, தோல் மூடியபின் சன்கிறீமும் பூசிவந்தால் மாதக்கணக்கில் மங்கும். வெள்ளைத் திட்டு பொறுமையைச் சோதிக்கும், நிறம் திரும்ப ஒரு வருசம் கூட எடுக்கலாம், சிலருக்கு நிற்கும். கடையில் விற்கிற வெள்ளையாக்கும் கிறீம்களில் பலதில் ஸ்டீரோய்ட் அல்லது பாதரசம் இருக்கிறது, இரண்டும் வேண்டாம். திட்டு தட்டையாக இல்லாமல் தடித்துக் கயிறுபோல எழும்பினால் அது வேறு பிரச்சினை, உடனே காட்ட வேண்டும். காது குத்தின இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ அப்படிக் கட்டி எழும்பிய ஆள் என்றால் லேசருக்குப் போகமுன்பே சொல்லியிருக்க வேண்டும்.

நிறம் சரியாகும்வரை அடுத்த தரம் அடிக்கக் கூடாது. நாள் குறித்துவிட்டார்கள், காசு கட்டிவிட்டேன் என்பது காரணம் இல்லை.

என் பச்சையில் சிவப்பு மை உள்ள பூ மட்டும் தடித்து அரிக்கிறது. லேசர் அடித்தால் அரிப்பு போகுமா? – மாங்குளம்

அடிக்காதீர்கள். அது அந்த மைக்கு ஒவ்வாமை. இப்போது அது ஒரு இடத்தில் கட்டுண்டு கிடக்கிறது, லேசரால் நொறுக்கினால் உடம்பு முழுக்க ஓடும். உடம்பெல்லாம் தடித்து மூச்சுத் திணறலும் வரலாம். தோல் வைத்தியரிடம் போய் முதலில் ஒவ்வாமைக்கு மருந்து எடுங்கள். ஏற்கெனவே அடித்துவிட்டு உதடு வீங்கி மூச்சு இழுக்கிறது என்றால் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள், எனக்குக் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருக்காதீர்கள்.

அம்மம்மாவின் கையில் சின்ன வயதில் குத்திய கோலப் பச்சை இருக்கிறது. கனடாவில் இருந்து வருகிற மாமா அழித்துவிடலாம் என்கிறார். அம்மம்மாவுக்குச் சீனியும் இருக்கிறது. – நெடுங்கேணி

கையால் குத்திய பழைய கரிப் பச்சை மெசினால் குத்தியதைவிட லேசில் போகும், அது உண்மை. சீனி கட்டுப்பாட்டில் இல்லாத வயதான தோலில் ஒரு கொப்புளம் புண்ணாகி மாதக்கணக்கில் இழுக்கும், அதுவும் உண்மை. அம்மம்மா கேட்டாவா, மாமா கேட்டாரா? மாமா என்றால் அவருக்கு ஒரு பிளேன்ரீ போட்டுக் கொடுத்து வேறு கதை கதையுங்கள்.

மூன்று மாதத்தில் வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல். கழுத்தில் உள்ள பச்சை அதற்குள் போய்விட வேண்டும், கிழமைக்கு ஒருமுறை அடிக்கத் தயார், கொப்புளம் வந்தாலும் தாங்குவேன். – செட்டிகுளம்

நீங்கள் தாங்குவீர்கள், தோல் தாங்காது. மெசினால் குத்திய பச்சைக்கு ஆறு தொடக்கம் பத்துத் தரம், அதற்கு மேலும் பிடிக்கலாம், தரத்துக்கு இரண்டு மாதம் என்று வையுங்கள், கணக்கு எங்கே போகிறது என்று பாருங்கள். மூன்று மாதத்தில் ஒருமுறை, மிஞ்சிப் போனால் இருமுறை. கிழமைக்கிழமை அடித்தால் மெடிக்கலில் அவர்கள் பார்க்கப்போவது பச்சையை இல்லை, ஆறாத புண்ணை. பச்சை இருந்தால் உண்மையில் தடையா என்று முதலில் ஏஜென்சியிடம் எழுத்தில் கேளுங்கள், பலருக்குத் தடையே இல்லாமல் சும்மா பயந்துபோய் வருகிறார்கள். தடை என்றால் அடுத்த வருச வேலைக்கு இப்போதே தொடங்குங்கள்.

பச்சைக்கு நடுவில் ஒரு மச்சம் இருக்கிறது. அதற்கு மேலேயும் அடிப்பார்களா? – விசுவமடு

அடிக்க விடாதீர்கள். மச்சத்தை மறைத்துவிட்டுச் சுற்றிவர அடிக்கச் சொல்லுங்கள். அண்மையில் அது பெருத்திருந்தாலோ நிறம் மாறியிருந்தாலோ லேசருக்கு முன்னரே தோல் வைத்தியரிடம் காட்டுங்கள், அவர் பார்த்துச் சரி என்ற பிறகு மற்றதைப் பற்றிக் கதைக்கலாம்.